படிக்கல்லில் தீட்டிய முகம்

“பன்னிரண்டாயிரம் நம்பர் கல்லைக் கொண்டுபோய் காஸ் சிலிண்டருக்கு முட்டுக் கொடுத்தது யாரு? ஜெசி, உன்னத்தான் கேக்கேன், பன்னிரண்டாயிரம் நம்பர் கல்லைக் கொண்டுபோய் காஸ் சிலிண்டருக்கு முட்டுக் கொடுத்தது யாரு?” என்று என் வீட்டுக்காரர் பெர்னார்ட் அடுக்களை வாசலில் நின்று ஒரே கேள்வியை எழுத்துப் பிசகாமல் இரண்டு தடவை கேட்டார்; இந்த வீட்டில் இருப்பது நீங்கள், நான், சிலிண்டர், அதில் சிலிண்டர் குனிந்து கல்லை எடுக்காது, நீங்கள் எடுக்கமாட்டீர்கள், மிச்சம் யார் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கழித்துச் சொல்லிவிடும் என்றேன்.

“உடைஞ்சு போச்சு ஜெசி.”

“கல்லுதானே.”

“கல்லுதானேன்னு சொல்லாத.”

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் டேலி கிளார்க் அவர். ஊரெல்லாம் பிளேடு ரேசரில் முகத்தை முடித்துக்கொண்டு வேலைக்கு ஓடும் காலத்தில், ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர் விட்டுப்போன மடக்குச் சவரக்கத்தி ஒன்று இவர் கைக்கு வந்தது, அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. கத்தியாவது ஒன்றோடு நின்றது, அதைத் தீட்டும் கல் நிற்கவில்லை. கூர் பிறப்பிக்க ஆயிரம் நம்பர் கல்லாம், அந்தக் கல் போட்ட கீறலை ஆற்ற நாலாயிரமாம், நாலாயிரத்தின் கீறலை ஆற்ற எட்டாயிரமாம், எட்டாயிரத்துக்குப் பிறகு கன்னத்தில் வைத்தால் தெரியாமலிருக்கப் பன்னிரண்டாயிரமாம். நம்பர் ஏற ஏறக் கல் மழமழப்பாகும், என் பொறுமை சொரசொரப்பாகும். கல் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று என் இட்லி மாவுச் சட்டியில் ஊறப்போடுவார், குமிழி நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், மேடு பள்ளமில்லாமலிருக்கக் கண்ணாடித் தகட்டில் உப்புத்தாளை விரித்து அதன்மேல் கல்லையே தேய்ப்பார், கேட்டால், “கத்தியைப் பாத்து வாங்குறது பெருசில்ல ஜெசி, கல்லைப் பாத்து எடுக்கதுதான்” என்பார். பொண்ணு பார்க்க வந்தபோது இவ்வளவு நேரம் என்னைப் பார்த்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

புதுக் கல் சென்னையிலிருந்து கூரியரில் வரவேண்டும், கூரியர்க்காரன் நாளைக்கு என்றான், அதற்கடுத்த நாளும் நாளைக்கு என்றான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மழிக்காத முகத்தோடு போகமாட்டேன் என்று இவர் அடம் பிடித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டு எமரென்சியா அக்கா தன் வாசல்படியைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போட்டாள். பெயர்த்த கல் கறுப்பில் கறுப்பு, எந்தக் காலத்திலோ பாய்மரக் கப்பல் ஆடாமலிருக்க அடிவயிற்றில் பாரமாக ஏற்றி வந்து கரையில் தள்ளிய கல்லாம், அக்கா வீட்டில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் இவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதை நான் கவனித்துத்தான் இருக்கிறேன்.

“ஒரு துண்டு எடுத்துக்கிடட்டுமாக்கா?”

“முழுசையும் எடுத்துட்டுப் போங்க தம்பி. அந்தப் படியைத் தாண்டிப் போன மனுசன் திரும்பி வரல, இனி அது எனக்கு எதுக்கு?”

அந்த மனுசன் அவள் வீட்டுக்காரர் கஸ்பார். மகள் ஜெனோவா வயிற்றிலிருந்தபோது கடலுக்குப் போனவர், கடல் அவருடைய ஐஸ் பெட்டியின் மூடியை மட்டும் திருப்பிக் கொடுத்தது.

இவர் கல்லைச் சதுரமாக அறுத்து, சமப்படுத்தி, ஊறவைத்து, கத்தியை அதில் முதுகு தூக்காமல் போகவும் வரவும் இழுத்து, தோல்வாரில் தடவி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சவரம் செய்துகொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தார், வந்தவருக்குக் கஸ்பாரின் முகம் இருந்தது. இடது புருவத்தில் தூண்டில் கிழித்த இடைவெளி, பிளந்த மோவாய், உதட்டோரத்தில் எப்போதும் ஏதோ சொல்ல வருவதுபோன்ற அந்தச் சுளிப்பு, எல்லாம் அப்படியே. புதுப்பெண்ணாக நான் இந்தத் தெருவுக்கு வந்தபோது வாசலில் மீன் கொண்டுவந்து கொடுத்த முகம், எனக்குத் தெரியாதா.

“காதுக்குப் பின்னால நுரை இருக்கு, துடைங்க. பூசைக்கு நேரமாச்சு” என்றேன்.

கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “நல்ல கல்லு ஜெசி. இழுக்கவே இல்ல.”

கோயிலில் நற்கருணைக்கு வரிசை நின்றபோது எமரென்சியா அக்கா பார்த்தாள். அழவில்லை, மயங்கி விழவில்லை. வரிசையை விட்டு விலகி வந்து, “பொத்தான் இல்லாத சட்டையைப் போட்டுட்டாக்கும் பூசைக்கு வருவாவ?” என்று அதட்டிவிட்டு, தன் தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி இவர் சட்டையில் குத்திவிட்டாள். அந்தப் பொத்தான் அறுந்தது எனக்கும் தெரியும், தைக்கலாம் என்றுதான் இருந்தேன், அதை ஊர் பார்க்க இன்னொருத்தி ஊக்குப் போட்டுச் சரிசெய்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“இருக்கட்டும்க்கா” என்றார் இவர்.

“கஸ்பாரு தன் பொண்டாட்டியவே அக்கான்னு கூப்பிடுதான்” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்புப் போயிற்று, எமரென்சியா அக்காவும் சிரித்தாள், அவளுக்கு இத்தனை பல் இருந்ததையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் தாடி முள் முள்ளாகக் கிளம்ப, அதன் பின்னாலேயே பெர்னார்டின் முகமும் வந்து சேர்ந்தது, மழையில் வீடு திரும்புகிறவன் முதலில் குடையை உள்ளே வைத்துவிட்டுப் பிறகு தான் நுழைவதுபோல. அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். தெரு அப்படி நினைக்கவில்லை.

முதலில் வந்தவள் மரியதங்கம், சேலைத்தலைப்பில் அம்மியின் ஒரு மூலையை உடைத்து முடிந்துகொண்டு. அம்மி துளைதுளையாகப் பொரிந்த கல், அதில் தீட்டினால் கத்தி வாய் பல் பல்லாகப் போகும் என்று இவர் எவ்வளவோ சொன்னார், அவள் கேட்கவில்லை. தீட்டி மழித்தால் கன்னமெல்லாம் எரிச்சல், எரிச்சலோடு சேர்ந்து அவள் எதிர்பார்த்த புருஷன் வராமல் செத்துப்போன மாமனார் வந்துவிட்டார், ஏனென்றால் அந்த அம்மி மாமியார் சீதனமாகக் கொண்டுவந்தது. “செத்தும் என் சமையல்ல குறை சொல்ல வந்துட்டாவளே” என்று மரியதங்கம் தலையிலடித்துக்கொண்டாள், ஆனாலும் மாமனாருக்குப் பிடித்த நண்டுக் குழம்பை வைத்துக்கொண்டு அடுத்த வாரமும் வந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வீடாகத் தன் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தது, துணி துவைக்கிற கல், கிணற்றுச் சுவரின் மேல்கல், வள்ளத்துக்கு நங்கூரமாகக் கட்டியிருந்த கல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டும் வந்தது, வந்த கல்லையெல்லாம் இவர் வெயிலில் வைத்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்து, தண்ணீர் சட்டென்று உள்ளே போனால் பொரிகல், மேலேயே நின்றால் நெருங்கின கல், நெருங்கின கல்தான் கத்திக்கு ஆகும் என்று தெருவுக்கே பாடம் நடத்தினார், கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், பிள்ளைகளின் மார்க்கை விட்டுவிட்டு, “உங்க வீட்டுக் கல்லு எத்தனை நம்பர் இருக்கும்?” “எங்களுது எட்டாயிரத்துக்குக் கொறையாது, முகம் என்னா தெளிவா வந்துச்சு தெரியுமா?” என்று பேசிக்கொள்ளும்படி ஆயிற்று.

இறந்தவர்கள்தான் வந்தார்கள் என்றில்லை. ரெஜினாவின் புருஷன் உயிரோடு கப்பலில் சமையல்காரன், அவள் வீட்டுத் துவைகல்லில் தீட்டிய அன்றைக்கு அவன் வீடியோ காலில் வந்தான், தன் முகம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, முடி ரொம்ப வளந்துட்டு, வெட்டிக்கிடுங்க” என்று மட்டும் சொன்னான். துறைமுக வாசலில் அடையாள அட்டைப் படமும் ஆளும் ஒத்துவரவில்லை, காவலாளி கொஞ்ச நாள் குழம்பினார், பிறகு, “பேசுங்க சார்” என்பார், இவர், “வணக்கம்” என்பார், “குரல் நம்ம பெர்னார்ட் சார்தான், போங்க” என்று விட்டுவிடுவார். பங்குத்தந்தை பிரசங்கத்தில் இது அற்புதமுமில்லை பாவமுமில்லை, ஆயர் இல்லத்தைக் கேட்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். சொன்ன மறுநாள், அங்கிக்குள் ஒரு கல்லை மறைத்து எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலில் நின்றார். “எங்க அப்பாவுக்கு நான் சாமியாரா ஆனது பிடிக்கல. பேசாம இருந்தாப் போதும், சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார். இவர் அந்த முகத்தோடு அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், நான் இரண்டு பேருக்கும் காபி போட்டேன், சாமியார் குடிக்கவே இல்லை.

எல்லாம் சரி. என் புருஷன் எங்கே?

யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன். முன்பு ஞாயிறுக்கு ஞாயிறு மழித்தவர் தினமும் மழிக்க ஆரம்பித்தார், தாடி முளைக்க நேரமில்லை, தாடிக்குப் பின்னால் வரவேண்டிய முகத்துக்கும் நேரமில்லை, நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டு ஆண்பிள்ளைக்குத் தோசை சுட்டுப் போட்டேன். “இன்னைக்கு யாரு?” என்று கேட்டுக்கொண்டுதான் சட்னியில் உறைப்பு வைப்பேன். கைகள் அவருடையவை, குரல் அவருடையது, தட்டின் ஓரத்தில் கறிவேப்பிலையை ஒதுக்கும் கெட்ட பழக்கம்கூட அவருடையதுதான், ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி தன் புருஷனைக் கறிவேப்பிலையைப் பார்த்துத்தானா அடையாளம் காணவேண்டும்? பெரிய வியாழன் வந்தபோது தவக்கால மரியாதைக்காகத் தெரு ஓய்வு கொடுத்தது, தாடி வளர்ந்தது, பின்னால் முகம் வரவில்லை. ஈஸ்டர் கடந்து ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணும் மூக்கும் ஒத்துவந்தன, காதோரத்து மச்சம் வரவில்லை, சிரித்தால் இடது கன்னத்தில் விழும் குழி வரவில்லை.

அப்போதுதான் அந்தக் கூரியர்க்காரன் நாளைக்கு நாளைக்கு என்று சொன்ன கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான், புத்தம்புதுப் பன்னிரண்டாயிரம் நம்பர், பால்கோவா நிறம். இவருக்கு ஒரே சந்தோஷம். “யார் வீட்டுக் கல்லும் இல்ல ஜெசி. இதுல தீட்டினா என் முகம்தான் வரணும், வேற யாரு வரமுடியும்?” எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மழித்துவிட்டு வெளியே வந்தார். புகைப்படக் கடையில் புது பிரேமுக்குள் வைத்திருக்கும் காகித ஆள் மாதிரி, யாருடையதும் இல்லாத, ஒரு குறையுமில்லாத, ஒரு கோடுமில்லாத முகம். தொழிற்சாலையில் பிறந்த கல், அதன்மேல் யாரும் உட்கார்ந்ததில்லை, துவைத்ததில்லை, அழுததில்லை, அதற்கு யாரைத் தெரியும்?

“எப்படி இருக்கு?” என்று அந்த முகம் கேட்டது.

“இழுத்துதா?” என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

“இல்ல” என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, “எனக்கே என்னைய ஞாபகம் இல்ல ஜெசி” என்றார்.

எங்கள் வீடு டைல்ஸ் போட்ட வாடகை வீடு. அவர் வளர்ந்தது லைட்ஹவுஸ் காவலரான அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் மாறிய குவார்ட்டர்ஸ்களில், எங்கேயும் ஒரு கல் இவரைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு இவர் நிலைத்து இருந்ததில்லை. அதனால் கத்தியை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன், சாவியை இடுப்பில் சொருகினேன், வாசலுக்கு வந்த ஒவ்வொரு கல்லையும், “கடை மூடியாச்சு” என்று திருப்பி அனுப்பினேன். திட்டினார்கள், கான்வென்ட்டில் படித்த திமிர் என்றார்கள், படித்ததும் உண்மை, திமிரும் உண்மை, நான் மறுக்கவில்லை. தாடி வளர்ந்தது, நெஞ்சுவரைக்கும் வளர்ந்தது, மழைக்காலம் வந்து போனது, ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைத் தாண்டிப் போகையில் காதோரத்தில் மச்சத்தைப் பார்த்தேன், பார்த்தும் பார்க்காததுபோல அடுக்களைக்குள் போய் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். மறுவாரம் ஏதோ சொல்லிச் சிரித்தார், தாடிக்குள் இடது பக்கம் குழி விழுந்தது.

அந்த வாரம்தான் ஜெனோவாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

எமரென்சியா அக்கா சுற்றிவளைக்கவில்லை. “ஏட்டி ஜெசி, பிள்ளை பீடத்துக்கு நடக்கும்போது அவ அப்பா முகம் கூட நடக்கணும். ஒரே ஒரு நாள்” என்றாள்.

“ஒரு நாள் ஒரு நாள்னுதான் எல்லாரும் கேட்டாங்க. இன்னொரு தடவை மழிச்சா இவர் திரும்பி வருவார்னு நீங்க எழுதித் தருவீங்களாக்கா?”

“நான் எழுதத் தெரிஞ்சவளாட்டி?”

“அப்ப கேக்காதீங்க.”

அவள் படியிறங்கிப் போனாள். இவர் மதியம் சாப்பிடும்போது கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் தின்றார், அதைவிடப் பெரிய சண்டை என் வீட்டில் நடந்ததில்லை.

“சொல்லித் தொலைங்களேன்” என்றேன்.

“அந்தப் புள்ள அப்பாவைப் பாத்ததே என் கழுத்துக்கு மேலதான் ஜெசி” என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எமரென்சியா அக்கா மறுபடி வந்தாள். கேட்க வரவில்லை, அப்பா இடத்தில் கோயில் உபதேசியார் பிள்ளையோடு நடக்கச் சம்மதித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வந்தேன், மனசுல வச்சிக்கிடாத என்றாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா? அந்த முகத்தோட உன் வீட்டுக்காரரு எங்க வீட்ல வந்து உக்காந்திருந்தாவல்லா. சோறு போட்டேன், பேசினேன், ஜெனோவா மடியில படுத்துக் கிடந்தா. முகம் எங்க வீட்டுக்காரரு முகம்தான். கண்ணு மட்டும் என் கூரையைப் பாக்காது, பிள்ளையைப் பாக்காது, உன் வாசலையே பாத்துக்கிட்டிருக்கும். நீ துணி காயப்போட வெளிய வந்தா, அந்த முகத்துக்கு ஒரு வெளிச்சம் வரும். எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். ஆனா அந்தத் தைரியத்துலதாம்ட்டி கேட்டேன், இவிய எங்கயும் போயிரமாட்டாவன்னு.”

அவள் தன் கிரானைட் படியில் கால் வைத்து ஏறி உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், வழுக்கும் படி, பார்த்துத்தான் ஏறுகிறாள்.

காலையில் எழுந்து பீரோவைத் திறந்தேன். கறுப்புக் கல்லை என் மாவுச் சட்டியில் நானே ஊறப்போட்டேன். இவர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, “முதுகைத் தூக்காத, கத்தி படுத்தே போகணும், அழுத்தாத, அதோட எடையே போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார், கான்வென்ட்டில் மதர் எம்பிராய்டரி சொல்லித்தந்தபோதுகூட நான் இவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை. கத்தியை அவர் கையில் கொடுத்தேன், வாங்கிக் கண்ணாடியைப் பார்த்தார், திருப்பி என்னிடமே நீட்டினார். “நீயே செய் ஜெசி” என்றார்.

தாடியைக் கத்தரியால் வெட்டிக் குறைத்தேன், நுரை குழைத்துப் பூசினேன், வலது கன்னத்தில் கத்தியை வைத்து இறக்கினேன். நல்ல கல்தான், சத்தமே இல்லை. நுரை போன இடமெல்லாம் கஸ்பார் வந்தார், வலது கன்னம், மோவாயின் பிளவு பாதி, உதட்டோரத்துச் சுளிப்பு. எதிர்வீட்டில் பேண்டுக்காரர்கள் வந்து இறங்கி டிரம்மைத் தட்டிப் பார்த்தார்கள், ஜெனோவா வெள்ளைச் சேலையோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள், எமரென்சியா அக்காவுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை, உபதேசியார் புதுச் சட்டையில் விறைத்துக்கொண்டு நின்றார்.

இடது பக்கம் இன்னும் நுரைக்குள் இருந்தது, நுரைக்குள் மச்சம், நுரைக்குள் எங்கோ அந்தக் குழி. இடது கண் என்னையே பார்த்தது, வலது கண்ணும் என்னைத்தான் பார்த்தது, அக்கா சொன்னது பொய்யில்லை. அவர் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குழியின் ஓரத்தில் கத்தியை வைத்தேன். அங்கே கத்தி இருக்கும்போது எச்சில்கூட விழுங்கக்கூடாது.

“ஏங்க” என்றேன், “இந்தப் பக்கத்தை எடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை சிரிங்க.”